பாதியில் அறுத்த கூறைப்புடவை

அன்புள்ள மகனுக்கு,

உன் கல்யாணத்துக்காக உன் பெரியப்பா நெய்துகொண்டிருந்த கூறைப்புடவையை இன்று காலை கத்தரிக்கோல் வைத்துப் பாதியில் அறுத்தவள் நான்தான். இந்நேரம் அவர் உனக்குப் போன் செய்திருப்பார். உன் அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று சொல்லியிருப்பார். பேதலிக்கவில்லை. இன்று காலை இருந்த தெளிவு முன்பே இருந்திருந்தால் உன் அப்பா இன்று மாப்பிள்ளையின் அப்பாவாகப் பட்டுவேட்டி எடுக்கக் கடைக்குப் போயிருப்பார். நான் ஏன் அப்படிச் செய்தேன் என்று அவர் சொல்லி நீ தெரிந்துகொள்ளக் கூடாது. அதனால் இப்போதே உட்கார்ந்து எழுதுகிறேன். இதை மூடி ஒட்டப்போவதில்லை. இரண்டு ஜெராக்ஸ் எடுக்கப்போகிறேன். ஒன்று உன் பெரியப்பாவுக்கு, இன்னொன்று நம் தெரு அம்மன் கோயில் அறிவிப்புப் பலகைக்கு. கையால் எழுதியது உனக்கு. குடும்ப விஷயத்தைத் தெருவில் போடலாமா என்று நீ கேட்பாய். நம் குடும்ப விஷயத்தை நான் பன்னிரண்டு வருடம் பொத்திப் பொத்தி வைத்துத்தான் பார்த்தேன். பொத்தி வைத்ததில் காப்பாற்ற முடிந்தது மானத்தை மட்டும்தான், மனுஷனை இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பத்திரிகை கொடுக்க வந்தாயே, அன்று நீ காலையிலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஐந்து முறை கழிவறைக்குப் போனாய். நான் எண்ணினேன். எண்ணுவது என் பழைய வேலை. ஐந்தாவது முறை நீ வெளியே வந்தபோது உன் உதடு வெளுத்திருந்தது. நீ குளிக்கப் போன நேரத்தில் உன் பையைத் திறந்து பார்த்தேன். பிள்ளையின் பையை அம்மா குடையக் கூடாது என்பதெல்லாம் ஆரோக்கியமான பிள்ளை பெற்றவர்களுக்கு. நான்கு அட்டை மாத்திரை, ஒன்றைக்கூடப் பிதுக்கவில்லை. நீ தலை துவட்டிக்கொண்டு வந்து என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? "பெரியப்பா சொன்னாரும்மா. கூறை தறியிலேர்ந்து எறங்கற வரைக்கும் மாப்பிள்ளையும் வெரதமா இருக்கணுமாம், இங்கிலீஷ் மருந்து ஆகாதாம். அதும் இல்லாம பொண்ணு வூட்டுக்காரங்க வந்து போயிக்கினு இருக்கற நேரம், மாத்திரையும் கையுமா இருந்தா நல்லாவா இருக்குது? கல்யாணம் முடியட்டும்மா, போட்டுக்கறேன்." குழாய் விட்டுக் குடலைப் பார்க்க டாக்டர் வரச்சொன்ன ஸ்கோப்பையும் கல்யாணத்துக்குப் பிறகு என்று தள்ளிவிட்டேன் என்றாய்.  உனக்கு இன்னொரு தோசை வார்த்துப் போட்டேன். என் காதில் நின்றது அந்த ஒரே ஒரு சொல். விரதம். அந்தச் சொல் இந்த வீட்டுக்குள் இரண்டாவது முறையாக நுழைந்திருந்தது, அதே ஆளின் வாயிலிருந்து.

உன் அப்பாவின் நோயை எந்த டாக்டருக்கும் முன்னால் கண்டுபிடித்தவள் நான். சேலையின் உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு வேறு நிறமுமாகக் கோர்வைச் சேலை நெய்ய இரண்டு பேர் வேண்டும். தறிக்குழிக்குள் காலை விட்டு நெய்பவர் அவர், பக்கத்தில் உட்கார்ந்து கரை நூல் ஓடும் நாடாவைத் தள்ளுபவள் நான். அவர் எழுந்து போனால் நான் நாடாவைக் கையில் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். முதலில் நாளைக்கு நான்கு தரம் எழுந்தார். பிறகு ஏழு, பிறகு பத்து. நீ அப்போது எட்டாவது படித்தாய். உன் பெரியப்பா வாசலில் நின்று, "இன்னாடா, தறியில ஒக்கார்றதே எழுந்துக்கறதுக்குத்தானா?" என்று கேலி செய்வார். நான் முந்திக்கொண்டு, "டீ குடிக்கப் போறாரு மாமா" என்று சொல்வேன். அந்த மனுஷர் டீயே குடிக்க மாட்டார். ரத்தம் போகிறது என்று அவர் என்னிடம் சொன்ன அன்று, தறிக்குழிச் சூடு என்று நானும்தான் சொன்னேன். குழியில் உட்காருகிற சனத்துக்கு எது வந்தாலும் குழிச்சூடு. வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தேன். எண்ணெய் தேய்த்துவிட்டேன். ஒரு வருடம் இப்படியே போனது.

கடைசியில் சென்னைக்கு அழைத்துப் போனோம். குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, பெருங்குடல் முழுக்கப் புண் என்றார் டாக்டரம்மா. என்னைவிட இளையவள். நாங்கள் நெசவுக்காரர்கள் என்று தெரிந்ததும் அவசரப்படாமல் சொன்னாள். "நம்ம ரத்தத்துல வெள்ளை அணுக்கள்னு காவலாளிங்க இருக்காங்க. கிருமி வந்தா அடிக்கணும், அடிச்சு முடிச்சதும் கலைஞ்சு போயிடணும். இவரோட குடல்ல அவங்க கலையவே மாட்டேங்கறாங்க. எதிரியே இல்லாம குடல் சுவரையே அடிச்சுக்கிட்டு இருக்காங்க. இதைத்தான் அழற்சின்னு சொல்றோம். இந்த மாத்திரை அவங்களை அடக்கி வைக்கும். நோயை வேரோட எடுக்காது, அடக்கி வைக்கும். அதனால உடம்பு நல்லா இருக்கற நாள்லயும் போடணும். எட்டு வருஷம் ஆனப்புறம் குழாய் விட்டு அடிக்கடி பார்க்கணும். வருஷக்கணக்கா புண்ணாகி ஆறி, புண்ணாகி ஆறி இருக்கற இடத்துல புற்று வரலாம்." நான் பிளஸ் டூ படித்தவள். அவள் சொன்னது எனக்குப் புரிந்தது. உன் அப்பாவுக்கும் புரிந்தது. புரியவில்லை என்று சொல்லித் தப்பிக்க எங்கள் இருவருக்குமே வழியில்லை.

அவள் எழுதிக் கொடுத்த கேப்சூலை விழுங்கிய இரண்டாவது மாதத்தில் ரத்தம் நின்றது. உன் அப்பா தறியில் உட்கார்ந்தால் முழு முந்தானைப் பூவை முடித்துவிட்டுத்தான் எழுந்தார். அப்படியே போயிருக்கும். ஆனால் ஆடி வந்தது. ஆடிக்கு நம் தெரு அம்மனுக்குச் சேலை நெய்து சாத்துவது உன் பெரியப்பாவின் பொறுப்பு. பொறுப்பு அவருடையது, நெய்யும் கை உன் அப்பாவுடையது, கோயிலில் தலையில் பரிவட்டம் கட்டிக்கொள்வது மறுபடியும் அவர். நாற்பத்தெட்டு நாள் விரதம். கறி இல்லை, முட்டை இல்லை. அந்த வருடம் உன் பெரியப்பா எங்கள் அலமாரியில் கேப்சூல் டப்பாவைப் பார்த்துவிட்டு, "இந்த உறை மாட்டெலும்புல செய்யறது, தெரியுமா உனக்கு? இதை முழுங்கிட்டு அம்மா சேலையில கைவெப்பியா?" என்று கேட்டார். உன் அப்பா டப்பாவை எடுத்து என் கையில் கொடுத்தார். நான் அதை அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்தேன். உறை இல்லாத மாத்திரையும் அதே மருந்தில் உண்டு என்று பிற்பாடு டாக்டரம்மா சொன்னாள். ஒரு வார்த்தை போனில் கேட்டிருந்தால் மாற்றி எழுதித் தந்திருப்பாளாம். அந்த ஒரு வார்த்தையை நாங்கள் கேட்கவில்லை. உனக்கு இந்த நோய் என்று தெரிந்த அன்று நான் வாயைத் திறந்ததும் கேட்ட முதல் கேள்வி அதுதான். அதனால்தான் உனக்கு உறையில்லாத மாத்திரை. அதற்கும் உன் பெரியப்பா இப்போது வழி கண்டுபிடித்துவிட்டார். அன்று உறை ஆகாது, இன்று மாத்திரையே ஆகாது.

முதல் வருட விரதம் முடிந்து மறுபடி கேப்சூல் ஆரம்பித்தார். இரண்டாவது வருடம் நிறுத்தியபோது புண் கிளம்பி ஐப்பசி வரை படுத்தியது. மூன்றாவது வருடம் நிறுத்தியவர் நிறுத்தியவர்தான். "நல்லாத்தானேடி இருக்கேன். அண்ணன் சொல்றாப்ல, ஆயுசுக்கும் மாத்திரை முழுங்கறது ஒரு பொழப்பா?" என்றார். அப்பா இறந்து கருமாதி முடிந்தபின் நான் கோயில் பூசாரியிடம் போய், விரதத்தில் மருந்து சாப்பிடக் கூடாது என்று எதிலாவது இருக்கிறதா என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "யாரும்மா சொன்னது? நானே சக்கரை மாத்திரை போட்டுக்கினுதான் கற்பூரம் காட்டறேன்" என்றார். அன்று எனக்கு அழுகை வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. அம்மன் கேட்கவில்லை, சாஸ்திரம் கேட்கவில்லை. தம்பி தன் சொல்லைத் தட்டமாட்டான் என்று ஊருக்குக் காட்ட உன் பெரியப்பாவுக்கு ஒரு விதி தேவைப்பட்டது, அவ்வளவுதான். அவருக்குக் கொல்லும் எண்ணம் துளியும் கிடையாது. இருந்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இப்போது என் பங்கைச் சொல்லிவிடுகிறேன், பலகையில் ஒட்டும்போது என் பெயரும் சேர்ந்தே இருக்கட்டும். எட்டாவது வருடம் ஸ்கோப்புக்கு நாள் கொடுத்தார்கள். அந்த நாள் விரதத்துக்குள் விழுந்தது. முதல் நாளே வயிறு கழுவ மருந்து குடிக்க வேண்டும், ஒரு பகல் முழுக்கப் பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் ஓட வேண்டும். தறியில் அம்மன் சேலை. வீட்டில் அத்தனை பேர் வந்துபோகிற நேரம். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, "அடுத்த மாசம் வர்றோம்" என்று சொன்னது உன் அப்பாவும் இல்லை, பெரியப்பாவும் இல்லை. நான். அந்த அடுத்த மாதம் வரவேயில்லை. உன் பெரியப்பா மேல் எனக்கு இருக்கும் கோபத்தில் ஒரு பங்கு, அந்தப் போனை என்னைச் செய்ய வைத்தாரே என்பது. இது நியாயமில்லை என்று எனக்குத் தெரியும். நியாயம் பார்த்துக் கோபப்படும் வயதை நான் தாண்டிவிட்டேன்.

அதற்குப் பின் நடந்தது நீயும் பார்த்ததுதான். புற்று என்று பன்னிரண்டு அங்குலம் குடலை வெட்டி எடுத்தார்கள். அந்த வார்டு வராந்தாவில் அதே டாக்டரம்மா, ஸ்கேன் கவரின் பின்பக்கம் பேனாவால் வட்டம் வட்டமாகப் போட்டு எனக்குச் சொன்னாள். வருடக்கணக்காகக் கலையாமல் நின்ற காவலாளி அணுக்கள் கக்கிய நச்சில் நல்ல செல்களின் மரபுப்பொருளே கெட்டுப்போயிருக்கிறது. கெட்ட செல் ஒன்று முளைத்ததும் அதைக் கொன்றிருக்க வேண்டிய அதே கூட்டத்தில் சிலது கட்சி மாறிவிட்டது. விழுங்கும் அணுக்கள் என்று ஒருவகை, அவை கட்டிக்கு ரத்தக் குழாய் போட்டுக் கொடுத்து, வளர்வதற்குத் தீனியும் ஏற்பாடு செய்திருக்கின்றன. அடையாளம் கண்டு கொல்லும் டி செல்கள் வந்திருக்கின்றன. ஆனால் கட்டியின் உள்ளே நுழைய முடியாமல் ஓரத்திலேயே நின்றுவிட்டன. "நம்ம ஆளுங்கதான்மா, ஆனா அதுக்கு வேலை செய்யறாங்க" என்றாள். அவள் பேனாவை மூடும்போது எனக்கு ஒரே ஒரு முகம்தான் கண்முன் நின்றது. வீட்டு ஆள், ரத்த உறவு, காவலுக்கு நின்றவர். ஓரத்தில் நின்றவள் யார் என்றும் தெரிந்தது.

மாத்திரையை விடாமல் போட்டிருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டேன். அவள் பொய் சொல்லவில்லை. "போட்டிருந்தாலும் வந்திருக்கலாம்மா. ஆனா வாய்ப்பு குறைஞ்சிருக்கும். வருஷா வருஷம் பார்த்திருந்தா ஆரம்பத்துலயே பிடிச்சிருப்போம்." அந்த 'ஆனா'வில்தான் நான் நான்கு வருடமாகக் குடியிருக்கிறேன். உன் பெரியப்பாவை என்னென்னவோ செய்ய நினைத்தேன். செய்ததெல்லாம் அற்பம். அவர் வீட்டுக்கு வந்தால் காப்பியை வேண்டுமென்றே ஆறவைத்துக் கொடுத்தேன். நான்கு வருடமாக ஒரு முறைகூட அவருக்குச் சூடான காப்பி கிடைத்ததில்லை. அவர் பரிவட்டம் கட்டிய போட்டோவை லேமினேட் செய்து உன் அப்பா படத்துக்குப் பக்கத்தில் மாட்டச் சொன்னார். மாட்டினேன், கழிவறைக்குப் போகும் வழியில். நீ படித்தவன். கோபமும் உள்ளே இருந்து தின்கிற அழற்சிதான் அம்மா என்று போனில் ஒருநாள் எனக்குப் பாடம் எடுத்தாய். இருக்கட்டும். ஆனால் நான் என் கோபத்தை ஒருநாளும் மறந்துவிட்டு நன்றாகத்தானே இருக்கிறேன் என்று சொன்னதில்லை. நீ உன் மாத்திரையை விட்டாய், நான் என் கோபத்தை விடவில்லை. இதில் யாருக்கு யார் பாடம் எடுப்பது?

நேற்று ஷேர் ஆட்டோ பிடித்து ஐயம்பேட்டை போய் உனக்கு வரப்போகும் பெண்ணைப் பார்த்தேன். ஆத்திரப்படாதே, முழுசாகப் படி. அவள் வீட்டுக் கொல்லையில் நின்று, உன் நோய் என்ன, உன் அப்பா எதில் போனார், ஏன் அவளிடம் உன்னைச் சொல்லவிடாமல் செய்தார்கள் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கல்யாணம் நின்றால் நிற்கட்டும் என்றுதான் போனேன்.  அவள் போனை எடுத்து, "அந்த மாத்திரை பேரு இன்னா அத்தே?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டாள். "வெறும் வயித்துலயா, சாப்பிட்டப்புறமா?" என்று கேட்டாள். நான் கிளம்பும்போது வாசல்வரை வந்து, "நோய் வந்தது அவரு தப்பில்ல. எங்கிட்ட மறைச்சாரு பாருங்க, அதுக்கு அவரை நான் சும்மா வுடமாட்டேன்" என்றாள். எனக்கு அந்தப் பெண்ணை அங்கேயே பிடித்துப்போயிற்று. அவள் முகத்தில் அப்போது இருந்ததை நான் கண்ணாடியில் தினமும் பார்க்கிறேன்.

இன்று காலை உன் பெரியப்பா குளிக்கப் போயிருந்தபோது அவர் வீட்டுக்குள் போனேன். தறியில் அரக்கும் பச்சையுமாக உன் கூறை, பாதி நெய்து, நெய்த துணி சுற்றும் படமரத்தில் சுருண்டிருந்தது. அழகான வேலை, பொய் சொல்லமாட்டேன். நெசவுக்கார வீட்டில் பிறந்து நெசவுக்கார வீட்டில் வாழ்க்கைப்பட்டவள் தறியில் ஓடுகிற பாவு நூலின் மேல் கத்தரிக்கோலை வைப்பது என்றால் என்ன என்று உனக்குத் தெரியும்.  வைத்தேன். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை அறுத்தேன். நூல்கள் தொய்ந்து குழிக்குள் விழுந்தன. ஈரத் துண்டோடு ஓடிவந்த உன் பெரியப்பா, "அய்யோ, இன்னாம்மா பண்ணிக்கினு இருக்கே? உன் கை வெளங்குமா?" என்று கத்தினார். "சேலை தறியிலேர்ந்து எறங்கற வரைக்கும்தானே மாமா வெரதம்? எறங்கிடுச்சி. இனிமே எம்புள்ளை மாத்திரை போடுவான்" என்றேன். அவர் குழி ஓரத்தில் உட்கார்ந்து, அறுந்த பாவைக் கையில் அள்ளிக்கொண்டு விசும்பி விசும்பி அழுதார். தம்பியின் பிணத்துக்கு முன்னால் அவர் அழுததை நான் பார்த்ததில்லை. ஆண்பிள்ளை அழக் கூடாது என்று அன்று உன்னையும் அடக்கினார். நான் அவசரப்படாமல் நின்று, அவர் அழுது முடிக்கும்வரை பார்த்துவிட்டு வந்தேன். நன்றாக இருந்தது. வெட்கமில்லாமல் எழுதுகிறேன், மிக நன்றாக இருந்தது.

முகூர்த்தத்துக்குக் கூறையைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம், இந்த ஊரில் பட்டுக்கா பஞ்சம். அப்பா இடத்தில் பெரியப்பா நிற்க மாட்டார். தாலி இழந்தவள் மணவறைக்கு வரக் கூடாது என்று எவராவது சொன்னால், எந்தச் சாஸ்திரத்தில் என்று எழுதிக் காட்டச் சொல். நான் நிற்பேன். வருகிற வியாழக்கிழமை உனக்கு ஸ்கோப். காலையில் ஆஸ்பத்திரிக்கு நானே போன் செய்து நாள் வாங்கிவிட்டேன். முதல் நாள் வயிறு கழுவும் மருந்தைக் குடிக்க இங்கே வந்துவிடு. ஓடும்போது எண்ண நான் இருக்கிறேன்.

இந்தக் கடிதத்தோடு ஒரு அட்டை மாத்திரை வைத்திருக்கிறேன். தண்ணீர் எடுத்து, ஒன்றைப் போட்டுவிட்டு எனக்குக் கூப்பிடு. திட்டுவதாக இருந்தாலும் போட்டுவிட்டுத் திட்டு. போடாமல் கூப்பிட்டால் எடுக்கமாட்டேன். உன் பெரியப்பாவைப் பற்றி இவ்வளவு எழுதியும் அழுத்திச் சொல்லாத ஒன்று இருக்கிறது. டப்பாவை எடுத்து என் கையில் கொடுத்தது உன் அப்பாவின் கை. அண்ணன் பேச்சு பெரிது என்று நினைத்து என்னையும் உன்னையும் விட்டுப் போன அந்த மனுஷரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அவர் படத்துக்குத் தினமும் பூ வைக்கிறேன், மன்னிக்கவில்லை. அந்த வரிசையில் நீயும் வந்து நின்றுவிடாதே.

அம்மா